கிடங்கும் கலையும்: கொச்சி பினாலே பற்றிய ஒரு திறனாய்வு

பாழிடம் தேடிய கலை

கலைக்கு இடம் வேண்டும். பண்டைத் தமிழகத்துச் சிற்பி ஒரு தூணைச் செதுக்க முற்பட்டபோது, அத்தூண் எந்த மண்டபத்தைத் தாங்கப் போகிறது, எத்திசையிலிருந்து வரும் ஒளி அதன்மீது விழப் போகிறது, எவ்வளவு தொலைவில் நின்று மக்கள் அதனைக் காண்பர் என்பனவற்றை அறிந்த பின்னரே உளியைக் கையில் எடுத்தான். பிற்காலத்தில் கலைப்பொருள்கள் தத்தம் இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்டு அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. அங்கே வெள்ளைச் சுவரும் சீரான விளக்கொளியும் அவற்றுக்குப் பின்புலமாயின. சுவர் வாய் திறத்தல் ஆகாது. கலை மட்டுமே பேச வேண்டும் என்பது அவ்வமைப்பின் கொள்கையாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இக்கொள்கை தளர்ந்தது. மேலை நாடுகளில் ஆலைகள் மூடப்பட்டன. துறைமுகங்கள் இடம் மாறின. எந்திரங்கள் அகற்றப்பட்ட கூடங்கள் பாழாய்க் கிடந்தன. கலை அவற்றை நாடிச் சென்றது. வெனிஸ் நகரின் பழைய கப்பல் தளத்தில் கயிறு திரிப்பதற்கென்று எழுப்பப்பட்ட நெடுங்கூடம் 1980 முதல் அந்நகர்க் கலைவிழாவுக்கு இடமளித்தது. இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரை மின் நிலையம் 2000-ஆம் ஆண்டில் ‘டேட் மாடர்ன்’ என்னும் கலைக்கூடமாயிற்று. ஜெர்மனியின் போகும் நகரில் எஃகாலையைச் சேர்ந்த எந்திரக்கூடம் ரூர் வட்டாரக் கலைவிழாவின் அரங்கமாயிற்று. 2024-ஆம் ஆண்டில் சிட்னி நகரக் கலைவிழா, கைவிடப்பட்டிருந்த ஒயிட் பே மின் நிலையத்துக்குள் நுழைந்தது.

இதற்குப் பொருளியல் காரணங்கள் இல்லாமல் இல்லை. பாழடைந்த கூடத்துக்கு வாடகை குறைவு, இடம் மிகுதி, கூரையும் உயரம். எனினும் கலைஞர்களை அங்கு ஈர்த்தது வாடகை மட்டுமன்று. உழைத்துத் தேய்ந்த இடத்துக்கென்று ஒரு வீறு உண்டு. எண்ணெய்க் கறை படிந்த தரையும் சுண்ணம் உதிர்ந்த சுவரும் காண்போர் உள்ளத்தில் ஒருவகை நெகிழ்ச்சியை உண்டாக்குகின்றன. அந்நெகிழ்ச்சி கலைப்படைப்பால் விளைந்ததா, கட்டடத்தால் விளைந்ததா என்று பிரித்தறிவது எளிதன்று. நடுத்தரமான படைப்பும் இத்தகைய கூடத்தில் வைக்கப்படும்போது பெரியதாகத் தோன்றுகிறது. கூடம் தன் பெருமையைக் கடனாகக் கொடுக்கிறது. படைப்பு அதனை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே திறனாய்வாளனுக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. படைப்பை அகற்றிவிட்டால் அக்கூடம் எதனை இழக்கும் என்று கேட்பதே அவ்வளவுகோல். எதனையும் இழக்காது என்றால் படைப்பு அங்கே விருந்தாளியாக வந்து சென்றது என்று கொள்ளலாம். இழப்பு உண்டு என்றால், கூடம் தன்னைப் பற்றிச் சொல்லாமல் விட்ட ஒன்றைப் படைப்பு சொல்லிற்று என்று கொள்ளலாம். இந்த அளவுகோலைக் கொண்டு கொச்சி–முசிறி பினாலே எனப்படும் ஈராண்டுக் கலைவிழாவில் இடம்பெற்ற சில படைப்புகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆஸ்பின்வால் வளாகம்

கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய இவ்விழா, 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் முதன்முறையாகக் கொச்சியில் நடைபெற்றது. அதன்பின் 2014, 2016, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் நடந்தேறியது. ஆறாவது விழா 2025 டிசம்பரில் தொடங்கிற்று. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் நேர்ந்த நீண்ட இடைவெளிக்குக் கொரோனாப் பெருந்தொற்று காரணம். ஐந்தாவது விழாவின் கலைப் பொறுப்பை ஏற்ற ஷுபிகி ராவ் சிங்கப்பூரில் வாழும் கலைஞர் என்பதும், அதே ஆண்டு வெனிஸ் கலைவிழாவில் சிங்கப்பூரின் சார்பில் பங்கேற்றவர் என்பதும் இவ்வட்டாரத்து வாசகர் நினைவிற் கொள்ளத்தக்கவை.

விழாவின் தலைமை இடமாகப் பல முறை விளங்கியது ஃபோர்ட் கொச்சியில் கடலை நோக்கி நிற்கும் ஆஸ்பின்வால் வளாகம். ஜான் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கில வணிகர் 1867-இல் நிறுவிய வணிக நிறுவனத்துக்கு உரியதாய் இருந்தது இது. தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், எலுமிச்சம்புல் எண்ணெய், இஞ்சி, மஞ்சள், தோல் ஆகியன முதலில் இங்கிருந்து கப்பலேறின. பின்னர்க் கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் ஆகியனவும் சேர்ந்தன. அலுவலகக் கட்டடங்களும், ஒரு குடியிருப்பு மாளிகையும், பல கிடங்குகளும் வளாகத்துள் அடங்கும். கயிற்றுக் கிடங்கு என்னும் பெயர் இன்றும் ஒரு கூடத்துக்கு வழங்குகிறது.

கிடங்கு என்னும் சொல்லே சிந்தனைக்கு உரியது. ஆங்கிலேயர் ‘கோடவுன்’ என்றும் மலாய்க்காரர் ‘குடாங்’ என்றும் வழங்கும் சொல், தென்னிந்திய மொழிகளின் ‘கிடங்கு’ என்னும் சொல்லோடு உறவுடையது எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். சரக்கோடு சேர்ந்து சொல்லும் கடல் கடந்தது போலும். சரக்கைச் சுமந்தவனும் கடல் கடந்தான். ஆயின் சொல்லுக்குக் கிடைத்த இடம் அவனுக்கு ஏட்டில் கிடைக்கவில்லை.

வளாகத்துள் நுழைவோர் முற்றத்தையும் மரங்களையும் கடந்து, ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்குச் செல்கின்றனர். சன்னல் வழியே கப்பல்கள் மெல்ல நகர்வது தெரிகிறது. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் இக்கரையை அடுத்த மட்டாஞ்சேரியின் வரலாறு அத்துணை இனியதன்று. கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. காலையில் வேலை தேடி வந்து நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிவர். முட்டி மோதி, மிதித்து, மிதிபட்டு அவ்வில்லையைப் பற்றியவனுக்கே அன்றைய வேலை, அன்றைய சோறு. இம்முறைக்கு எதிராகத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் உயிர் நீத்தனர். ராஜீவ் ரவி இயக்கி 2023-இல் வெளிவந்த ‘துறமுகம்’ என்னும் மலையாளப் படம் இவ்வரலாற்றையே கதையாகக் கொண்டது. கொச்சிக் கரையில் கலைவிழாக் காண வருவோர் இதனை அறிந்திருத்தல் நலம். அறியாதவர்க்குச் சுண்ணம் உதிர்ந்த சுவர் அழகாக மட்டுமே தெரியும்.

ஆட்டுரல்கள் பேசியவை

2012-இல் நடந்த முதல் விழாவிலேயே இவ்வளாகத்துக்கு ஏற்ற படைப்பு ஒன்று அமைந்துவிட்டது. பெங்களூரைச் சேர்ந்த ஷீலா கௌடாவும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டோப் ஸ்டோர்சும் இணைந்து உருவாக்கிய அதற்கு, ‘இடைத்தங்கல்’ எனப் பொருள்படும் தலைப்பு இடப்பட்டிருந்தது. பெங்களூர் வீடுகளில் மின் அரைவை எந்திரம் புகுந்தபின் ஆட்டுரல்கள் பயனற்றுப் போயின. பழைய வீடுகளை இடித்துப் புதிய வீடுகளைக் கட்டியவர்கள் அவற்றைத் தெருவோரத்தில் போட்டுவிட்டனர். அவ்வாறு எறியப்பட்ட ஏறத்தாழ 170 கருங்கல் உரல்களைக் கலைஞர்கள் திரட்டிக் கொச்சிக்குக் கொண்டுவந்து, வளாகத்தின் கடலோரத்தில் இட்டனர். இதுவே படைப்பு. சாயமில்லை, விளக்கொளி இல்லை.

இக்கற்களைக் கண்டோர் முதலில் சிறிது திகைத்திருப்பர். அவை இறக்குமதியான சரக்கா, ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் சரக்கா என்று அறிய வழியில்லை. சதுரமாய்ச் செதுக்கிய கனத்த கற்கள்; நடுவே வழவழப்பான குழி. அக்குழி கல் தச்சன் உளியால் ஓரளவும், பெண்களின் கைகளால் பேரளவும் உண்டானது. ஒரு குடும்பத்தில் மாமியார் அரைத்த கல்லில் மருமகள் அரைத்தாள். அவள் மகளும் அரைத்தாள். கல் தேய்ந்த அளவே அவர்கள் உழைப்பின் அளவு. வேறு எந்த ஏட்டிலும் அவ்வளவு பதிவாகவில்லை.

மிளகு வணிகத்தின் வரலாற்றை எழுதியோர் மன்னரையும் மாலுமியையும் வணிகரையும் எழுதினர். கொடியில் காய்த்த மிளகு கப்பலேறிற்று, பொன் வந்திறங்கிற்று, இவ்வளவில் அவ்வரலாறு முடிந்துவிடும். ஆனால் மிளகு உணவாவதற்கு அதனை யாரேனும் அரைத்தாக வேண்டும். கிடங்கின் கணக்கேட்டில் இடம்பெறாத அவ்வேலையை ‘இடைத்தங்கல்’ கிடங்கின் வாசலிலேயே கொண்டுவந்து வைத்தது. ஏற்றுமதித் துறையில் சமையற்கட்டுக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு, சமையற்கட்டு இல்லையேல் ஏற்றுமதியே இல்லை என்று அக்கற்கள் விடை கூறின.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பயனற்ற கல்லைத் தெருவில் போட்டவர்கள் அதனை உடைத்தெறியவில்லை. உடைக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்ள இடம் இல்லை. மதிப்புக்கும் புறக்கணிப்புக்கும் இடைப்பட்ட இந்நிலையே பழைய தொழிற்கூடங்களின் நிலையும் ஆகும். இடிக்கவும் மனமில்லை, பயன்படுத்தவும் வழியில்லை. ஆஸ்பின்வால் வளாகம் தன்னைப் போன்ற ஒன்றைத் தன் முற்றத்திலேயே கண்டது எனலாம். அக்கற்களை அகற்றிய பின் அந்தக் கடலோரம் எதனை இழந்தது? பெண்களை இழந்தது. அளவுகோலில் இப்படைப்பு முழுமையாகத் தேறுகிறது.

பொன்னும் மிளகும்

அதே முதல் விழாவில் விவான் சுந்தரம் ‘கருப்புப் பொன்’ என்னும் படைப்பை அளித்தார். விழாவின் பெயரில் உள்ள முசிறியோடு நேரடித் தொடர்புடையது இது. முசிறித் துறைக்கு யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து, மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு கூறும். பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த அத்துறை பின்னாளில் மறைந்தது. கொச்சிக்கு வடக்கே உள்ள பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மிகுதியான பானையோடுகள் கிடைத்தன. அவ்வூரே முசிறி என்று ஆய்வாளர் சிலர் கொள்வர்; சிலர் உடன்படார். அந்த ஓடுகளைக் கொண்டே சுந்தரம் தம் படைப்பை அமைத்தார். தரையில் பரப்பிய ஓடுகள் ஒரு நகரத்தின் தோற்றம் கொண்டன. மிளகும் நீரும் அந்நகரத்தின் மீது பரவுவதைத் திரையில் காட்டிய படமும் உடன் இடம்பெற்றது.

சிந்தையைக் கவரும் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஓடுகள், 19-ஆம் நூற்றாண்டு வணிகன் நிறுவிய கிடங்குக்குள், 21-ஆம் நூற்றாண்டுக் கலைஞனால் பரப்பப்பட்டன. மூன்று காலங்களும் ஒரே தரையில் கூடின. தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு அதனைக் காணும்போது தனியான கிளர்ச்சி தோன்றுவது இயற்கை.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் விடலாகாது. இந்நகரத்தை மேலிருந்து நோக்கும்படி கலைஞர் அமைத்துவிட்டார். மன்னன் மாடத்திலிருந்து காணும் காட்சி போன்றது அது. தெருக்கள் தெரிகின்றன, மதில்கள் தெரிகின்றன, மண்ணைப் பிசைந்து அப்பானைகளை வனைந்தவன் தெரியவில்லை. உடைந்த ஓடு ஒவ்வொன்றும் ஒரு குயவனின் விரல் தொட்டதுதான். நகரமாக அடுக்கியபோது ஓடு கல்லாகிவிட்டது, விரல் மறைந்துவிட்டது. ஆட்டுரல் படைப்பில் ஒவ்வொரு கல்லும் தனித்து நின்று தன்னை அரைத்தவளைச் சுட்டியது. இங்கோ ஓடுகள் கூட்டமாகித் தம் தனிமையை இழந்தன. முன்னது வணிகத்தின் அடியைக் காட்டிற்று. பின்னது வணிகத்தின் புகழைப் பாடிற்று.

சுழலும் நீரும் தேங்கிய நீரும்

2014-ஆம் ஆண்டு விழாவில் மிகுதியான மக்களைக் கவர்ந்தது அனிஷ் கபூரின் ‘இறக்கம்’ என்னும் படைப்பு. கடலை ஒட்டிய அறையின் தரையில் பெரியதொரு வட்டக் கிணறு. அதனுள் கருநிற நீர் ஓயாமல் சுழன்று நடுவில் பள்ளமாகக் கீழ் நோக்கிப் பாய்கிறது. பூமியின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நீரை உறிஞ்சுவது போன்ற தோற்றம். செவியில் அடங்கிய இரைச்சல். காண்போர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குனிந்து நோக்கி, உள்ளூர அஞ்சித் திரும்பினர். அஞ்ச வைப்பதும் கலையின் ஆற்றலே.

இதே படைப்பு 2015-இல் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலும் 2017-இல் நியூயார்க்கின் புரூக்லின் பாலத்து அருகிலும் அமைக்கப்பட்டது. அரண்மனையிலும் பூங்காவிலும் கிடங்கிலும் அது ஒரே வகையில் சுழன்றது. எங்கும் செல்லவல்ல படைப்பு என்று இதனைப் பாராட்டுவோர் உளர். பாராட்டு தகும். ஆனால் எங்கும் செல்லவல்ல ஒன்று எவ்விடத்துக்கும் கடன்பட்டதன்று. கொச்சியில் அதனை மூடிவிட்டபோது அறை மீண்டும் பழைய அறையாயிற்று, இழந்தது ஏதுமில்லை. பெருங்கலைஞரின் பெரும்படைப்பு, இடத்தைப் பொறுத்தவரை விருந்தாளியாகவே நின்றுவிட்டது.

2016-இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரித்தா அளித்த ‘துயரக் கடல்’ இதற்கு நேர்மாறானது. அவர் ஒரு கிடங்கின் தரை முழுவதும் கடல்நீரைத் தேக்கினார். காண வந்தோர் செருப்பைக் கழற்றி, ஆடையை உயர்த்திக்கொண்டு நீருள் நடந்தே கூடத்தைக் கடக்க வேண்டும். சுவரில் கவிஞரின் வரிகள். 2015-இல் சிரியாவிலிருந்து தப்பிக் கடல் கடக்க முயன்ற குடும்பம் ஒன்றின் சிறுவன் ஆலன் குர்தி கரையில் ஒதுங்கிக் கிடந்த நிழற்படம் உலகை உலுக்கியது. அதே படகில் மூழ்கிய அவன் அண்ணன் காலிப் என்பவனுக்கு அத்தகைய படம் இல்லை. படமில்லாத அந்தப் பிள்ளைக்கே சுரித்தா தம் படைப்பைப் படைத்தார்.

சுரித்தா 1973-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியின்போது கைது செய்யப்பட்டுச் சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டவர். சரக்கு வைக்கும் இடத்தில் மனிதனை வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர். ஆதலின் கிடங்கைக் கண்டதும் அவர் அதன் இயல்பை உணர்ந்துகொண்டார். சரக்கை நனையாமல் காப்பது கிடங்கின் கடமை. அதனுள் கடலையே புகவிட்டபோது அக்கடமை தலைகீழாயிற்று. மிளகு நனையாமல் காக்கப்பட்ட உலகில் குழந்தை நனைந்து மடிகிறது என்னும் உண்மையைக் காண்போர் காலால் உணர்ந்தனர். அறிவுரை ஒன்றும் கூறாமல் குளிர்ந்த நீரைக் கொண்டே கூறினார் கவிஞர். நீர் வடிந்த பின் அக்கிடங்கு வெறுமையாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

119 ஆடைகள்

2018-ஆம் ஆண்டு விழாவில் தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சன் அளித்த ‘நூற்றுப் பத்தொன்பது விற்பனைப் பத்திரங்கள்’ ஆழ்ந்த ஆய்வுக்கு உரியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து மக்களைப் பிடித்தும் விலைக்கு வாங்கியும் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுசென்று அடிமைகளாக விற்றது. அவ்விற்பனையின் பத்திரங்கள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. விற்கப்பட்டவரின் பெயர், வயது, பிறந்த இடம், விலை, விற்றவர், வாங்கியவர் ஆகிய விவரங்களை வில்லியம்சன் பருத்திச் சட்டைகளிலும் துணிகளிலும் கருமையால் எழுதினார். இந்தியாவில் வாங்கிய துணிகள் அவை. கேப்டவுன் கோட்டையில் அவற்றைச் சேற்றுநீரில் தோய்த்துக் காட்சிக்கு வைத்தபின், கொச்சிக்கு அனுப்பி ஆஸ்பின்வால் வளாகத்தில் கொடிகளில் தொங்கவிட்டார்.

1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கையில் இருந்தது. ஆகவே மூன்று நூற்றாண்டுக்கு முன்னர் மனிதர் சென்ற கடல் வழியில் இப்போது அவர்தம் பெயர்கள் திரும்பி வந்தன. இப்படைப்பும் பல இடங்களுக்குச் சென்றதுதான். ஆயினும் கபூரின் நீர்ச்சுழல் சென்றது போன்றதன்று. கேப்டவுனும் கொச்சியும் அதன் பொருளின் இரு முனைகள். பயணமே படைப்பாயிற்று.

அப்பெயர்களை உற்று நோக்கினால் மற்றொரு கொடுமை புலப்படும். அடிமைகளின் இயற்பெயரை நீக்கி, எசமானர்கள் தமக்கு வாய்த்த பெயரைச் சூட்டி, அதனோடு மலபார், வங்காளம் என்பன போன்ற இடப்பெயரை ஒட்டுவது முனையில் வழக்கமாக இருந்தது. ஆகவே திரும்பி வந்த பெயர்களும் முழுமையாக அம்மக்களின் பெயர்கள் அல்ல. தாய் அழைத்த பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வில்லியம்சன் இவ்விழப்பை மறைக்க முயலவில்லை. இட்டு நிரப்பவும் முயலவில்லை. ஆவணம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே துணியில் எழுதினார். இந்த அடக்கமே படைப்பின் சிறப்பு.

கொடியில் தொங்கும் சட்டை கொச்சிக்குப் புதிய காட்சியன்று. ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் இன்றும் இயங்கும் சலவைத்துறையில் வரிசை வரிசையாகத் துணிகள் காய்கின்றன. அங்கே உழைப்போர் தமிழ் பேசும் வண்ணார் குடியினர். டச்சுக்காரரின் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டதாக அவர்கள் வழிவழியாகக் கூறுவர். ஒரே ஆட்சி சிலரைக் கப்பலேற்றி விற்றது. சிலரைக் கொணர்ந்து துணி துவைக்க வைத்தது. ஓர் ஊரின் இரு முனைகளில் இரு கொடிகள். இரண்டையும் சேர்த்துக் காண்பவருக்கே வில்லியம்சனின் படைப்பு முழுமையாக விளங்கும்.

கொள்கையும் கூலியும்

உழைப்பைப் போற்றும் கலையைக் காட்சிக்கு வைக்கும் விழா, தன் உழைப்பாளரை எவ்வாறு நடத்துகிறது என்று கேட்பது முறையே. அனிதா துபே கலைப் பொறுப்பேற்ற 2018-ஆம் ஆண்டு விழாவின் தலைப்பு, அந்நியமாதல் இல்லாத வாழ்வுக்கான வாய்ப்புகள் என்னும் கருத்துடையது. தன் உழைப்பின் பயனிலிருந்து மனிதன் பிரிக்கப்படலாகாது என்பது அதன் உட்பொருள். அவ்விழா 2019 மார்ச்சில் முடிந்தபின், காட்சிக்கூடங்களை அமைத்த ஒப்பந்தக்காரர் தமக்கு வரவேண்டிய பெருந்தொகை வரவில்லை என்று முறையிட்டார். கணக்கைப் பற்றி அறக்கட்டளை மாறுபட்டது. எவர் கணக்குச் சரி என்பது இங்குத் தீர்க்கத்தக்கதன்று. ஆனால் சுவர் எழுப்பியவரும் விளக்கு மாட்டியவரும் கூலிக்குக் காத்திருக்க நேர்ந்தால், விழாவின் தலைப்பே விழாவைக் கேள்வி கேட்கும்.

2022-இல் வேறொரு தடுமாற்றம். டிசம்பர் 12-இல் தொடங்க வேண்டிய விழா, வெளிநாடுகளிலிருந்து விருந்தினர் பலர் வந்திறங்கிய நிலையில், 23-ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கூடங்களுக்குள் மழைநீர் ஒழுகியதையும், படைப்புகள் வந்துசேர்வதில் ஏற்பட்ட தாமதத்தையும் சுட்டிப் பங்கேற்ற கலைஞர்கள் பலர் திறந்த மடல் எழுதினர். பாழிடத்தின் வீறு புகைப்படத்துக்கு நன்று. ஒழுகும் கூரையின்கீழ் நின்று பணிபுரிவோருக்கு அவ்வீறு சோறு போடாது. பழைய கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதன் அழகோடு அதன் பழுதையும் சேர்த்தே ஏற்க வேண்டியவர் ஆவர்.

இவற்றைக் கூறும்போது விழாவின் நற்பணியையும் கூறுவதே நடுவுநிலை. கேரள அரசு பொதுப்பணத்தை இக்காலக் கலைக்குத் துணிந்து வழங்கியது இந்தியாவில் அரிய நிகழ்வு. கேரளத்தைப் பெருவெள்ளம் சூறையாடிய 2018-ஆம் ஆண்டிலும் விழா நின்றுபோகவில்லை. 2021-இல் ஆலப்புழையின் பழைய கயிற்றுத் தொழிற்கூடங்களில் மலையாளக் கலைஞர்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தப்பட்டது. 1859-இல் ஜேம்ஸ் டாரா தொடங்கிய ஆலையோடு கயிற்றுத் தொழில் வேரூன்றிய ஊர் அது. யாவற்றினும் மேலாக, வணிக நிறுவனத்தின் தனியுடைமையாய் இருந்த வளாகத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பப் பெண்களும் உள்ளூர்த் தொழிலாளரும் நுழைந்து, தாம் விரும்பிய படைப்பின் முன் நின்று விவாதிக்கும் நிலையை இவ்விழா உண்டாக்கியது. சரக்கேற்றவும் இறக்கவும் மட்டுமே உள்ளே விடப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் காண்போராக உள்ளே வந்தனர். இது சிறிய மாற்றமன்று.

இவ்வட்டாரத்துக்கு எழும் வினா

கொச்சியைப் பற்றிய இவ்வாராய்ச்சி மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு அயலானதன்று. சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் 2022 சனவரியில் தஞ்சோங் பகார் சரக்குக் கிடங்கு வளாகத்தில் தன் கூடங்களைத் திறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய சிங்கப்பூர் பினாலேவுக்கும் அதுவே முதன்மையான இடமாயிற்று. தஞ்சோங் பகார்க் கப்பல்துறையில் மூட்டை சுமந்தோருள் தமிழர் எத்துணைப் பேர் என்பது இவ்வட்டாரத்து முதியோர் அறிந்த செய்தி. கோலாலம்பூரில் செந்தூல் இரயில்வே பணிமனையை அடுத்த பழைய கட்டடம் ஒன்று 2005-இல் நிகழ்கலை மையமாயிற்று. செந்தூலும் தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்திய இடமே. தோட்டப்புறங்களில் ரப்பர்ப் பாலைத் தகடாக்கி உலர்த்திய புகைக்கூண்டுகள் பல வெறுமையாய் நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கும் நாளை கலை வந்து குடியேறலாம்.

அப்போது அங்கே எவ்வகைக் கலை இடம்பெறும்? எங்கும் செல்லவல்ல நீர்ச்சுழல் வரலாம், வரட்டும். ஆயின் ஆட்டுரல்களும் ஆடைகளும் வேண்டுமாயின், எந்த மூட்டையை எவர் சுமந்தார், எந்தத் துறையில் எவர் கூலிக்குக் காத்து நின்றார் என்னும் செய்திகள் முதலில் ஏட்டில் ஏற வேண்டும். வில்லியம்சனுக்கு ஆவணக் காப்பகம் துணை நின்றது. ஷீலா கௌடாவுக்குத் தெருவோரக் கற்கள் துணை நின்றன. இங்குள்ள கலைஞனுக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் இங்குள்ள எழுத்தாளர்களே. கப்பல்துறைத் தொழிலாளியின் நினைவும், இரயில்வே லயத்துப் பாட்டியின் சொல்லும், புகைக்கூண்டில் நின்றவனின் கூலிச்சீட்டும் அவரவர் காலத்தோடு மறைந்து போகுமுன் எழுதப்படுமானால், கிடங்குக்குள் வரும் கலைக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட ஐந்து படைப்புகளில் ஒன்றிலேனும் சாப்பா என்னும் உலோக வில்லை இடம்பெறவில்லை. அவ்வில்லைக்காக மட்டாஞ்சேரியில் உயிர் நீத்தவர்களின் கதை நாடகமாகவும் திரைப்படமாகவும் வந்துவிட்டது. அவ்வளாகத்துச் சுவருக்குள்ளும் அதற்கு ஓரிடம் கிடைக்கும் நாளில் கொச்சி விழா தன் கிடங்குக்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைத் தீர்த்ததாகும்.